மில் ரோடு கேட்டில் நின்ற ரயில்

அந்த வெள்ளிக்கிழமை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டு, என் காரில் மில் ரோடு ரயில்வே கேட்டைத் தாண்டி வீட்டுக்கு வந்தபோது மணி எட்டரை. நான் தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, ஒரு சரக்கு ரயில் வந்து கேட்டை மறித்துக்கொண்டு நின்றது. அந்தச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. நான் காபி கலக்கிக்கொண்டிருந்தேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

அமெரிக்காவின் தெற்கே எங்கள் டில்மன் நகரத்தில், அதுவும் பள்ளம் என்கிற எங்கள் பகுதியில், ரயில் வந்து நிற்பது புதிது இல்லை. ஊர் முழுக்கத் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மளிகைக்கடை, தீயணைப்பு நிலையம் எல்லாமே அங்கே. கறுப்பர்கள் நாங்கள் நூற்றுப் பத்துக் குடும்பம் இந்தப் பக்கம். மற்ற மூன்று பக்கமும் சதுப்பும் பருத்திக் காடும். காட்டுக்குள்ளே ஒரு மண் பாதை உண்டு; மார்ச் மாதம் ஆற்றுத் தண்ணீர் ஏறினால் அது இடுப்பளவு மூழ்கிவிடும். அப்போது மில் ரோடு ஒன்றுதான் வழி; அன்றும் அப்படித்தான். அதன் குறுக்கே மூன்று கிலோமீட்டர் நீள ரயிலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, டிரைவருக்கு வேலை நேரம் முடிந்துவிட்டது, அடுத்த ஆள் வரவேண்டும் என்பார்கள். ஒரு மணி நேரம் நிற்கும். ஐந்து மணி நேரமும் நின்றிருக்கிறது.

காலையில் நின்றுவிட்டால் பள்ளத்துப் பிள்ளைகள் ரயிலுக்கு அடியில் நுழைந்து வந்து அந்தப் பக்கம் நிற்கும் என் பஸ்ஸில் ஏறுவார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒவ்வொரு தலையாக எண்ணுவேன். "வராதீங்க, போங்க வீட்டுக்கு" என்று கத்தியும் பார்த்தேன். "மிஸ் ரோசெட்டா, இன்னிக்குக் கணக்குப் பரீட்சை" என்றாள் ஒருத்தி, முழங்காலில் கிரீஸோடு. நான் பஸ் கதவைத் திறந்தேன்.

என் தங்கை கொரீன் அந்த மாதம் என்னோடு இருந்தாள். அவள் புருஷன் டெமெட்ரிஸுக்கு ஆற்றில் இழுவைப் படகில் வேலை. ஏறினால் இருபத்தெட்டு நாள் கழித்துத்தான் இறங்குவான். கொரீனுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற பிள்ளை. எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பெண் குழந்தை என்று தெரிந்து, நயோமி என்று பேரும் வைத்துவிட்டாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடி மூன்று வருடம் ஆகிறது. பிரசவத்துக்கு எழுபது கிலோமீட்டர் போகவேண்டும். அதற்காகத்தான் அவளைத் தனியாக இருக்கவிடாமல் என்னிடம் அழைத்து வைத்திருந்தேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வாயேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. போய்ப் பார்த்தால் தரையெல்லாம் ரத்தம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிற்றைத் தொட்டேன். கல்லாக இருந்தது.

"வலிக்குதாடி?"

"வலி விட்டு விட்டு வரல. ஒரேடியா இருக்கு. அக்கா, இவ அசையல."

அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அவசர எண்ணைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் உடனே கிளம்பியது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போனில் இருந்த பெண், "மில் ரோடு கேட்டு திறந்திருக்கா மேடம்?" என்று கேட்டபோதுதான் ரயில் நினைவுக்கு வந்தது.

"ரயில் நிக்குது. ஹெலிகாப்டர் அனுப்புங்க" என்றேன்.

"மேகம் ரொம்பக் கீழ இருக்கு மேடம். பறக்க முடியாதுன்னு சொல்றாங்க. திரும்பவும் கேக்கறேன்."

வீட்டிலிருந்து தண்டவாளம் இருநூறு அடி. வாசலில் நின்று பார்த்தால் ரயிலின் இந்தக் கோடியும் தெரியவில்லை, அந்தக் கோடியும் தெரியவில்லை. தானியப் பெட்டிகள், எண்ணெய்த் தொட்டிகள், அப்புறம் மறுபடி தானியப் பெட்டிகள். பெட்டிகளுக்கு நடுவில் அந்தப் பக்கம் சிவப்பு விளக்கு சுழல்வது தெரிந்தது. ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. நான் கத்தினால் கேட்கிற தூரம்.

கேட்டருகே நீல போர்டில் ரயில் கம்பெனியின் தொலைபேசி எண் இருக்கும். ஓடிப்போய்ப் பார்த்து அடித்தேன். எந்த ஊரிலோ உட்கார்ந்திருந்த ஒருவர் எடுத்தார். கேட்டின் எண்ணைக் கேட்டார், சொன்னேன். என் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டார், சொன்னேன்.

"என் தங்கச்சி ரத்தம் கொட்டிக்கிட்டுக் கெடக்கா சார். ரயிலை நடுவுல பிரிச்சு விடுங்க. இல்லேன்னா ஒரு நூறு அடி நகத்துங்க."

"உங்க புகாரைப் பதிவு பண்ணிட்டேன் மேடம்."

"எப்ப நகரும்?"

"அது என் ஸ்கிரீன்ல தெரியாது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

நான் போனைக் கீழே போட்டேன். வெறும் கையை இரும்பில் அடித்தேன். அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"யாருங்க அது? பேஷண்ட் வீட்டுக்காரங்களா?"

குனிந்து பார்த்தேன். ஆம்புலன்ஸில் வந்த இருவரும் நின்றிருந்தார்கள். பெண்ணின் பெயர் ஷெல்பி, வெள்ளைக்காரி, இருபத்தைந்து வயது இருக்கும். கூட இருந்தவர் டுவேன், வயதானவர், தொப்பைக்காரர்.

நிலைமையைச் சொன்னேன். வயிறு கல்லாக இருக்கிறது என்றதும் ஷெல்பி டுவேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாங்க ரயிலைத் தாண்டக் கூடாதும்மா" என்றார் டுவேன். "விதி அது. போன வருஷம் இப்படித் தாண்டுன ஒருத்தனுக்குக் காலு போச்சு. மேல பேசிக்கிட்டிருக்கோம். நகத்தச் சொல்லியிருக்கோம்."

"எவ்வளவு நேரமா பேசுறீங்க?"

ஷெல்பி தோள்பையைக் கழுத்தில் குறுக்காக மாட்டிக்கொண்டாள்.

"ஷெல்பி, வேணாம். வேலை போயிடும்டி."

"போகட்டும்" என்றபடி இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் கொக்கியின் மேல் கால் வைத்து ஏறி, எங்கள் பக்கம் குதித்தாள்.

கொரீனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ரத்த அழுத்தம் பார்த்தாள், கையில் ஊசி குத்தி ட்ரிப் ஏற்றினாள். என்னைத் தனியாக அறை வாசலுக்கு இழுத்தாள்.

"நஞ்சுக்கொடி பிரிஞ்சிடுச்சுன்னு நினைக்கிறேன். வீட்ல வச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஆபரேஷன் பண்ணணும். குழந்தையோட துடிப்பு எனக்குக் கேக்கல. அதுக்கு இந்த மெஷினு பத்தாது, அதனாலகூட இருக்கலாம். ஆனா இவங்களும் போயிட்டிருக்காங்க."

"அப்ப தூக்கிட்டுப் போலாம்."

"எங்க?"

"நீ வந்த வழியிலதான்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ரேடியோவில் டுவேனிடம் தூக்குப் பலகையை அனுப்பச் சொன்னாள்.

பக்கத்து வீட்டு பிரதர் பிரிம் அதற்குள் வந்துவிட்டார். முப்பது வருடம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் என் பக்கத்து பெஞ்சு. கொக்கி வழியாகக் கொண்டுபோகப் போகிறோம் என்றதும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"நான் சக்கரத்துக்கிட்ட நின்னு காது குடுக்கறேன். நகர்றதுக்கு முன்னாடி பிரேக்கை விடுவான். அப்ப புஸ்ஸுனு சீறும். அந்தச் சத்தத்துக்கப்புறம் கொஞ்ச நேரந்தான். நான் கத்துனா, எது எப்படி இருந்தாலும் ஒரு பக்கமா விழுந்துடணும். புரியுதா ரோசெட்டா? பின்னாடி போறதோ முன்னாடி போறதோ, நடுவுல மட்டும் நிக்காதே."

கொரீனைப் பலகையில் வைத்து வார்ப்பட்டையால் கட்டினோம். நான் தலைப்பக்கம், ஷெல்பி கால்பக்கம். வாசற்படி, மண், சரளைக்கல். அவள் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா, டெமெட்ரிஸுக்குச் சொல்லாத. படகுல தனியா இருப்பான்."

"சரிடி. பேசாத."

அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் அகலம்தான் இடம். கொக்கி என் இடுப்பு உயரம். ஷெல்பி முதலில் ஏறிக் கால்பக்கத்தை இழுத்தாள். டுவேன் விதியெல்லாம் மறந்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து இரு கையும் உள்ளே நீட்டியிருந்தார். பலகையைக் கொக்கியின் மேல் வைத்துத் தள்ளினேன். பாதி போனது. பட்டையின் வளையம் ஏதோ ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. தள்ளினேன், நகரவில்லை. நான் கொக்கிமேல் ஏறி, குனிந்து, விரலால் அந்த வளையத்தைத் தேடினேன். கொரீனின் முகம் என் முகத்துக்கு நேர் கீழே. அவள் உதடு நீலமாக இருந்தது.

அப்போது சீறல் கேட்டது.

"விட்டுட்டான்! பிரேக்கை விட்டுட்டான்! போ! போ!" பிரதர் பிரிம் கத்தினார்.

வளையம் எப்படிக் கழன்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டுவேன் இழுத்தார், பலகை அந்தப் பக்கம் போனது, ஷெல்பி அதோடு சேர்ந்து விழுந்தாள். வெகுதூரத்தில் டம் டம் என்று பெட்டிகள் ஒன்றையொன்று இழுக்கும் சத்தம் எங்களை நோக்கி ஓடிவந்தது. நானும் அவர்கள் பக்கமே குதித்தேன். சரளைக்கல்லில் முகம் குத்திக் கிடந்தபோது என் கால்மாட்டில் சக்கரம் உருண்டது.

கொரீனை ஆம்புலன்ஸில் ஏற்றி ட்ரிப்பைச் சரிபண்ணி, மூச்சுக்கு மாஸ்க் வைத்து, கதவைச் சாத்திக் கிளம்ப நேரம் பிடித்தது. திரும்பிப் பார்த்தேன். ரயிலின் கடைசிப் பெட்டி கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மில் ரோடு திறந்து கிடந்தது. மறுபக்கம் பிரதர் பிரிம் தொப்பியைக் கையில் பிடித்தபடி தனியாக நின்றார்.

கொரீன் பிழைத்தாள். நயோமி பிழைக்கவில்லை. வயிற்றைத் திறந்தபோதே உயிர் இல்லை. நர்ஸ் ஒருத்தி குழந்தையைத் துடைத்து, மஞ்சள் தொப்பி போட்டு, கொரீனின் கையில் கொடுத்தாள். கொரீன் அவளை இரண்டு மணி நேரம் வைத்திருந்தாள். "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா?" என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் தரையைப் பார்த்து, "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். முடியும் என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

குழந்தையை அடக்கம் பண்ணிப் பதினெட்டாவது நாள் ஷெரிஃப் அலுவலகத்து ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ரயில் கம்பெனி இடத்தில் அத்துமீறி நுழைந்ததாக என்மேல் வழக்கு. கேட்டில் கேமரா இருந்திருக்கிறது. புகார் சொன்னால் தெரியாத ஸ்கிரீனில் நான் கொக்கிமேல் நின்றது தெரிந்திருக்கிறது. ஷெல்பியை அதற்கு முன்பே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எனக்கு கோர்ட்டே ஒரு வக்கீலை அமர்த்தியது. கெல்லம் என்று ஓர் இளைஞர். நல்லவர்தான், எப்போதும் அவசரத்தில் இருப்பார்.

"ரயில் ரோட்டை மறிச்சது தப்பில்லையா சார்?" என்று கேட்டேன்.

"மாநிலத்துல சட்டம் இருந்துச்சு. ரயிலைப் பத்தி மாநிலம் சட்டம் போட முடியாது, வாஷிங்டன்தான் போடணும்னு கோர்ட்டு சொல்லிடுச்சு."

"வாஷிங்டன் என்ன சொல்லுது?"

"இவ்வளவு நேரந்தான் நிக்கலாம்னு அவங்க சட்டம் எதுவும் போடல."

"அப்ப அவங்க நின்னா தப்பில்ல. நான் நின்னா தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம் கழித்து வழக்கே இருந்த தடம் இல்லாமல் அழித்துவிடுவார்கள். பஸ் வேலை நிலைக்கும். எதிர்த்து நின்று தோற்றால், ரயில்வே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைப் பள்ளிக்கூட பஸ் ஓட்ட விடமாட்டார்கள். பதினேழு வருடமாக நான் ஓட்டுகிறேன். வேறு தொழில் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளின் நகலைச் சமையலறை மேசையில் வைத்தது என் முட்டாள்தனம். கொரீன் அப்போது யாரோடும் பேசுவதில்லை. டெமெட்ரிஸ் வந்து பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி படகுக்குப் போயிருந்தான். அவள் ஒரு மதியம் எழுந்து வந்து அதை எடுத்துப் படித்தாள்.

"'அவசியமின்றி, தெரிந்தே, பிறர் உயிரை ஆபத்துக்கு உள்ளாக்கினேன்.' இது நீ சொன்னதா அக்கா?"

"அவங்க எழுதினதுடி. நான் கையெழுத்துதான்..."

"அவசியமின்றி."

"வேலை போயிடும் கொரீன்."

"தெரியும். நான் உன்னைத் தப்பு சொல்லல" என்றாள். தாளை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தாள். "அன்னிக்கு எனக்கு வேண்டி ஒருத்தர் செஞ்ச ஒரே விஷயம் அதான். அதுவும் தப்புன்னு ஆயிப்போச்சு."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை அறைந்திருக்கலாம். ஏசியிருக்கலாம். நான் அந்த மேசையிலேயே சாயங்காலம் பஸ் எடுக்கும் நேரம்வரை உட்கார்ந்திருந்தேன். அன்று இரண்டு நிறுத்தங்களை மறந்து தாண்டிப் போய்விட்டேன். பிள்ளைகள் கூச்சல் போட்ட பிறகுதான் தெரிந்தது.

நீதிபதி கையெழுத்துப் போடுவதற்குள் ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கெல்லம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். மனு வாங்கும் ஜன்னலில் இருந்தவள் வில்மா. அவள் பிள்ளைகள் இரண்டு பேரையும் நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்றிருக்கிறேன்.

"ரோசெட்டா, இதைத் திருப்பி வாங்குனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"வீட்டுக்குப் போயி ஒரு நாள் யோசி. நான் உன்னைப் பாக்கவே இல்லைன்னு வச்சுக்கறேன்."

"யோசிச்சா எனக்குத் தைரியம் போயிடும் வில்மா. இப்பவே குடு."

அன்று மாலையே பஸ் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை என்றார்கள்.

விசாரணை ஜூலையில் வந்தது. சின்ன கோர்ட், ஜூரி கிடையாது. பிரதர் பிரிம் சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஷெல்பி வந்தாள், இப்போது ஒரு நாய் மருத்துவமனையில் வேலை என்றாள். கொரீன் வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யாருடைய காரிலோ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அரசு வக்கீல் கேமரா படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் நாங்கள் எறும்பு அளவுதான் இருந்தோம். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்க கொக்கிமேல ஏறினதுக்கும், கேட்டு முழுசாத் திறந்ததுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் தெரியுமா?"

"தெரியாது சார்."

"ஒன்பது நிமிஷம். ஒன்பதே நிமிஷம் பொறுத்திருந்தா, உங்க தங்கச்சியை ரோட்டு வழியாவே பத்திரமாக் கொண்டுபோயிருக்கலாம். இல்லையா?"

அந்தக் கணக்கை அதுவரை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் அந்த ஓட்டம், கொக்கி, வளையம் எல்லாமே வீண்தானோ? நான் கெல்லத்தைப் பார்த்தேன். அவர் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்பெஞ்சிலிருந்து கொரீன் எழுந்தாள்.

"எங்கக்கா எதுக்குப் பதில் சொல்லணும்? அந்த ஒன்பது நிமிஷத்தை எங்ககிட்ட யாரு சொன்னாங்க?"

"உட்காருங்கம்மா" என்றார் நீதிபதி ப்ரூயிட். குரலில் கடுமை இல்லை.

"உக்காந்துடறேன் சார். ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்ன ரயிலு அது. எங்கக்கா போன் பண்ணிக் கேட்டா. தெரியாதுன்னாங்க. இன்னும் ஒன்பது நிமிஷம்னு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்திருப்பேன். இப்ப வந்து சொல்றீங்க. எம்பொண்ணைப் புதைச்சு நாலு மாசம் கழிச்சு வந்து சொல்றீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளை யாரும் வெளியே அனுப்பவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். இப்படி ஒரு வழக்கு தன்னிடம் வராமல் இருந்திருக்கலாம் என்றார். எங்களுக்காகத் தன் வீட்டில் ஜெபம் பண்ணியதாகச் சொன்னார். ஆனாலும் சட்டம் தெளிவாக இருக்கிறது என்றார். குற்றவாளி. முப்பது நாள் சிறை, அதை நிறுத்திவைக்கிறேன் என்றார். ஒரு வருடத்துக்கு ரயில் கம்பெனி இடத்தில் கால் வைக்கக் கூடாது.

கெல்லம் எழுந்தார். "ஐயா, இவங்க வீட்டுக்குப் போறதுக்கு வேற ரோடே இல்லை. அந்தக் கேட்டுதான்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கேட்டு திறந்திருக்கும்போது தவிர" என்று எழுதச் சொன்னார்.

மேல்முறையீடு போட்டிருக்கிறோம். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று கெல்லம் சொல்லிவிட்டார். மில் ரோட்டில் மேம்பாலம் கட்டுவதற்கு ஆய்வு நடத்தப்போவதாக நகர மன்றத்தில் பேச்சு. ஆய்வுக்கு மட்டுமே இரண்டு வருடம் ஆகுமாம். வேலை போய்விட்டது. அந்தக் கடிதம் தீர்ப்பு வந்த மறுநாளே வந்துசேர்ந்தது.

தீர்ப்பு நாளன்று கோர்ட்டுக்கு வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது என்னால் சாவியைத் துளையில் போட முடியவில்லை. கொரீன் ஜன்னலைத் தட்டினாள்.

"அந்தப் பக்கம் நகரு. நான் ஓட்டறேன்."

"உனக்குத்தான் தையல் போட்ட இடம் இன்னும்..."

"நகருக்கா."

நகர்ந்தேன். அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரிபண்ணினாள். நான் அழ ஆரம்பித்தேன். நயோமிக்காக நான் அதுவரை அழுததில்லை; கொரீன் முன்னால் அழக்கூடாது என்று வைத்திருந்தேன். அவள் தடுக்கவில்லை. நெடுஞ்சாலை ஓரத்துக் கடையில் நிறுத்தி, பொரித்த மீன் இரண்டு பொட்டலம் வாங்கிவந்து என் மடியில் ஒன்றை வைத்தாள்.

"எனக்கு இறங்காதுடி" என்றேன்.

"எனக்கும் இறங்காது. தின்னு."

காருக்குள் வெயில் கொதித்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் மீனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தோம். பாதியில் அவள் நிறுத்தி, முன்கண்ணாடி வழியே எதையோ பார்த்தபடி சொன்னாள்.

"அவளுக்கு உன் மூக்குக்கா. அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சேன்."